குணமே அணியின் கடைசிப் பேச்சாளர்

தமயந்தி மைக்கைப் பிடித்ததுமே சுந்தரமகாலிங்கம் முகத்தில் ஒரு புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். பட்டிமன்றத்தில் எதிரணி பேசும்போது சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் தொங்கிவிட்டால், இவனிடம் பதில் இல்லை என்று கீழே இருக்கிற சனம் முடிவு கட்டிவிடும். புன்னகையை மட்டும் வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டால் உள்ளே என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டிருக்கலாம். "நடுவர் அவர்களே, குணவான்னு பேர் வாங்குனவனுக்கு மளிகைக் கடையில ஒரு சோப்பாவது கடனாக் குடுப்பாங்களா?" என்று தமயந்தி கையை விரித்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தூ, இதற்கு ஒரு சிரிப்பு. போன வாரம் கழுகுமலையிலும் இதே சோப்பு, இதே கைவிரிப்பு. அதற்கு முந்தின வாரம் இதே தமயந்தி குணத்தின் பக்கம் உட்கார்ந்து, பணம் பேய் என்று கண்ணை உருட்டினாள். வேனில் ஏறும்போது நடுவர் அறவாழி, "யம்மா, இன்னைக்கு நீ பணம்" என்பார், "சரிங்கய்யா" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய கொள்கை. பாங்கில் வேலை, கழுத்தில் தடிமனாக ஒரு சங்கிலி, வாய்க்கு எது கொடுத்தாலும் மெல்லும். சுந்தரமகாலிங்கத்தை அப்படி யாரும் இடம் மாற்றிவிட முடியாது. அவர் என்றைக்கும் குணம்தான். அது அவருடைய பிடிவாதம் என்று வெளியே சொல்லிக்கொள்வார். ஒரே ஒரு தடவை பணத்தின் பக்கம் பேசிப் பார்த்தபோது கைதட்டலே வரவில்லை என்பதும், ஒடுங்கின கன்னமும் நரைத்த புருவமுமாக இந்த முகம் குணத்துக்குத்தான் விலைபோகும் என்று அறவாழி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார் என்பதும் வெளியே தெரிய வேண்டிய விஷயங்கள் இல்லை. போஸ்டரில் அவர் பேருக்கு முன்னால் பேராசிரியர் என்று போட்டிருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றது மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக. ஒருநாளும் அவர் அதைத் திருத்தச் சொன்னதில்லை.

பந்தலுக்குக் குறுக்கே கட்டியிருந்த பேனரில், நிறைவான வாழ்வுக்குத் துணை நிற்பது பணமே, குணமே என்று இரண்டு பக்கமும் எழுதி, நடுவில் அம்மன் படத்தைப் போட்டிருந்தார்கள். கோயில் பொங்கல் திருவிழாவுக்கு வந்த கூட்டம். பாதிப் பேருக்குத் தலைப்பே தெரியாது; இது முடிந்ததும் கரகாட்டம், அதற்கு முன்கூட்டியே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் போய் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதாம். தீர்ப்பு என்னவென்று வேனிலேயே முடிவாகிவிட்டது. பணம் வேண்டும், ஆனால் அது குணவானின் கையில் இருக்க வேண்டும். அறவாழி எந்த ஊரிலும் இதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், யாரோ மேலே இருந்து அந்த வாக்கியத்தை இறக்கிவிட்ட மாதிரி. சனம் உருகும். வீட்டுக்குப் போய் அண்ணனும் தம்பியும் வரப்புக்கு அடித்துக்கொள்ளும். சுந்தரமகாலிங்கத்தின் பார்வை பெண்கள் பக்கம் போயிற்று. போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், போய்விட்டது. ட்யூப் லைட் கட்டின கம்பத்துக்குப் பக்கத்தில், பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் சண்முகத்தாய். அவருடைய ஒரே தங்கை. இந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். மடியில் நிலக்கடலைப் பொட்டலம். உடைத்து உடைத்துப் பக்கத்தில் இருந்தவளுக்கும் கொடுத்து, தானும் தின்று, தமயந்தியின் சோப்புக்கு உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இவளுக்கு என்ன சிரிப்பு? சின்னதாக ஒரு மாவு மில்லை வைத்துக்கொண்டு காலையிலிருந்து தூசியில் நிற்கிற பிழைப்பு. புருஷன் பொன்னுச்சாமி தலை, புருவம், மீசை எல்லாம் மாவாக நடமாடுகிற ஆள். மூத்த பெண்ணுக்கு இப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருக்கிறதாம். அதிலும் சிரிக்கிறாள். சிரிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம், ஒன்று மூளை இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது எங்கேயோ நிறைய வைத்திருக்க வேண்டும். தங்கையிடம் இரண்டாவது கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு வரவேண்டியது அவரிடம்தான் இருந்தது.

கோவில்பட்டியில் கடைவீதியை ஒட்டின வீடு. அப்பா கட்டியது. அதை ஒரு நகைக்கடைக்காரர் கேட்டிருக்கிறார், வருகிற திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் எதிர் வீட்டை முடித்துவிடுவார். அந்தப் பணம் வந்துவிட்டால் இந்த வேனுக்கு ஒரு முழுக்கு. ஊர் ஊராக ஆறின பூரிக்கு ஒரு முழுக்கு. அறவாழியின் கண் மூடலுக்கு, கரகாட்டத்துக்காகக் காத்திருக்கிற இந்தச் சனத்துக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குணத்துக்கு ஒரு பெரிய முழுக்கு. கோயம்புத்தூரில் மகன் வீட்டுப் பக்கமாக ஒரு பிளாட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் எதையும் உபதேசிக்காமல், பால்கனியில் நாற்காலியைப் போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்குக் குறுக்கே நிற்பது பச்சைச் சேலை. "சார், அப்பா உயில் எழுதல. தங்கச்சிக்கும் சம பங்கு இருக்கு. அன்னைக்குப் பங்கு வேண்டாம்னு நீங்க எழுதி வாங்குனது வெறும் வெள்ளத்தாளு, பதிவே பண்ணல, அது செல்லாது. அவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும்" என்று வக்கீல் சொல்லிவிட்டான். பொடியன், மீசையைக் கூடச் சரியாக ஒதுக்கத் தெரியாதவன், என்னவோ அவர் திருடிவிட்ட மாதிரி பார்த்தான். பதிவு செய்யாததற்குக் காரணம் திருட்டுத்தனம் இல்லை, முத்திரைத்தாள் செலவு. தங்கைதானே, எங்கே ஓடிவிடப் போகிறாள் என்று அன்றைக்கு அந்தச் செலவை மிச்சம் பிடித்தார். மிச்சம் பிடித்தது இப்போது முழு வீட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட முட்டாள்தனத்தை அவர் வேறு எவனிடமாவது கண்டிருந்தால் மேடையில் வைத்துக் கிழித்திருப்பார்.

அப்பாவுக்குக் காரியம் முடிந்த அன்று சாயங்காலம். பந்தி முடிந்து புழக்கடையில் மலையாகக் குவிந்து கிடந்த பாத்திரத்துக்கு நடுவில் சண்முகத்தாய் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாம்பலும் புளியும் கலந்த வாடை இப்போதும், இந்தப் பந்தலின் சாமந்தி வாடையையும் டீசல் ஜெனரேட்டர் புகையையும் தாண்டிக்கொண்டு மூக்கில் வந்து ஏறியது. வெள்ளைத்தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தாயி, ஒன்னு கேக்கேன். ஒனக்குப் பணம் பெருசா, பாசம் பெருசா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவருடைய முதல் பட்டிமன்றம் அதுதான். கேட்டவள் ஒருத்தி, எதிரணியே இல்லை. "இதென்னண்ணே கேள்வி, பாசந்தான்" என்றாள். தாளை நீட்டினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அம்மி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்டாவைத் தேய்க்கத் திரும்பிவிட்டாள். ஒரு வரி படிக்கவில்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள், வாசிக்கத் தெரியாதவள் இல்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு வந்தது நன்றி இல்லை, இளக்காரம். இப்படியும் ஒரு மக்கு உண்டா? என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் பயந்துபோய் முறைப்படி பதிவு செய்திருப்பார், பங்கில் கொஞ்சமாவது கொடுத்திருப்பார், இன்றைக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது. ஆக, வக்கீலிடம் அவர் தலைகுனிந்து நிற்க நேர்ந்ததற்குக் காரணம் அவள்தான். இந்தக் கணக்கில் ஏதோ இடறுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இடறுகிற இடத்துக்கு வந்ததும் மனசு லாவகமாகத் தாண்டிக் குதித்துவிடும். தமயந்தி அடுத்த வரிக்குப் போயிருந்தாள்; கூட்டம் கைதட்டியது; அவரும் பெருந்தன்மையாக இரண்டு விரலால் தட்டினார்.

இந்த ஊர் நிகழ்ச்சியை அவரே கேட்டு வாங்கினார் என்பது அறவாழிக்குத் தெரியாது. விழாக்குழுச் செயலாளரைக் கூப்பிட்டு, வழக்கமான தொகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நாளையும் அவரே குறித்துக் கொடுத்தார். பிறகு பொன்னுச்சாமியின் போனுக்குப் பேசினார். வருஷக்கணக்கில் பேசாதவர் பேசுகிறாரே என்று அந்த மாவு மூட்டை ஒன்றும் அதிசயப்படவில்லை. "இருங்க மச்சான், அவகிட்டக் குடுக்கேன்." பின்னால் மில் ஓடுகிற சத்தம். கையெழுத்து விஷயத்தை அவர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் சண்முகத்தாய், "வாங்கண்ணே. மொதல்ல ஒங்க பேச்சக் கேக்கேன். நான் கேட்டதே இல்லல்லா. பெறகு பாத்துக்கிடலாம்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று அன்றையிலிருந்து அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. ஆசையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. எதுவும் இல்லாததுதான் அவரைக் குடைந்தது. பங்கு கேட்பாளோ? கேட்டால் எவ்வளவு? பெண் கல்யாணத்தை முன்னால் வைத்து அழுவாளோ? மேடை ஏறி வந்து எல்லார் முன்னாலும் என் அண்ணன் என்று கட்டிக்கொண்டு, ஏண்ணே இத்தனை வருஷமா வரல என்று மைக்கில் கேட்டுவிடுவாளோ? பக்கத்தில் இருக்கிறவளிடம் இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், கிராமத்துப் பொம்பளைக்கு வேறு என்ன வேலை. ஆனால் அவர் கையிலும் ஒரு சரக்கு இருக்கிறது. இன்றைக்குப் பேசப்போகிற பேச்சு இந்தச் சனத்துக்கு இல்லை, அந்த ஒருத்திக்கு. குணம், தியாகம், கூடப்பிறந்த பாசம், கொடுத்து மறந்தவர்களின் பெருமை. உருக்கிக் கரைத்துவிட வேண்டும். கரைந்த சூட்டோடு அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போய், இலையை எடுப்பதற்குள் பத்திரத்தை நீட்டி, பதிவுக்கு வரச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். ஒரு தடவை வேலை செய்த வாக்கியம் இரண்டாந்தடவை செய்யாதா என்ன.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தங்கச்சி கதையைச் சொல்லிவிடக் கூடாது. அதைக் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய பேச்சிலேயே அதிகம் விலைபோகிறது அந்தக் கதைதான். நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவர்களே, "சார், அந்தத் தங்கச்சி கதைய மறந்துராதீங்க" என்பார்கள். சொத்தில் பங்கு வேண்டாம், எனக்கு அண்ணன் போதும் என்று சொல்லி, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தங்கை. முதலில் அவள் யாரோ ஒருவருடைய தங்கையாக இருந்தாள். பிறகு, என் தங்கை என்று சொன்னால் பெண்கள் பக்கம் முந்தானை சீக்கிரம் கண்ணுக்குப் போகிறது என்று தெரிந்தது. அப்படியே ஊருக்கு ஊர் வளர்ந்து, அந்த அண்ணன் வருஷா வருஷம் தவறாமல் தங்கைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகிறவனாக ஆகிவிட்டான். கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து, வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம். மழையில் பஸ் நின்றுபோன ஒரு வருஷம் கரும்பைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போனான். அந்த நடையை அவர் சொல்லும்போது அவருக்கே தோள் வலிக்கும். நிஜத்தில், அப்பா போன மறுவருஷம் மணியார்டரில் ஒரு சீர் போயிற்று, அதோடு சரி. அடுத்த பொங்கலுக்கு என்னவோ செலவு. அதற்கடுத்ததற்கு, போன வருஷமே அனுப்பவில்லையே, இப்போது அனுப்பினால் குத்திக்காட்டின மாதிரி இருக்கும் என்று ஒரு யோசனை. கதையில் இருக்கிற அண்ணனை அவருக்குக் கண்டாலே ஆகாது. எல்லா ஊரிலும் கைதட்டலை வாங்கிக்கொண்டு போகிறவன் அவன். வேனில் பூரி தின்கிறவர் இவர்.

"இப்போது குணமே அணியின் கடைசிப் பேச்சாளர்" என்று அறவாழி கண்ணை மூடித் திறந்தார். சுந்தரமகாலிங்கம் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. தமயந்தியின் சோப்பை எடுத்து, "சோப்பு உடம்பைக் கழுவும், உள்ளத்தைக் கழுவ எந்தக் கடையில் சோப்பு விற்கிறது?" என்று கேட்டார், கைதட்டினார்கள், கழுதைகள். கொடுப்பதைப் பற்றிச் சொன்னார். விட்டுக்கொடுப்பதைப் பற்றிச் சொன்னார். பச்சைச் சேலையைப் பார்க்காமல் அதைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். ஆனால் இன்றைக்குக் கூட்டம் ஏனோ பிடிகொடுக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் கரகாட்டக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின, ஒரு நாதஸ்வரம் சும்மா ஊதிப் பார்த்தது. ஒருத்தன் எழுந்தே போனான். எழுந்து போகிறவனின் முதுகு இருக்கிறதே, மேடைக்காரனுக்கு அதைவிடப் பயங்கரமான காட்சி உலகத்தில் கிடையாது. மைக்கை இறுக்கிப் பிடித்தார். பிடித்தது தெரியுமுன்னே, அவரைக் கேட்காமலே, தழதழத்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் புறப்பட்டுவிட்டது. "எனக்கு ஒரே ஒரு தங்கை, நடுவர் அவர்களே." ஐயோ என்றது உள்ளே ஒன்று. வெளியே முதுகு காட்டினவன் நின்று திரும்பினான். இனி நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூட்டம் போய்விடும், சொன்னால் அவள் போய்விடுவாள். நாக்குக்குத் தெரிந்தது கூட்டத்தைப் பிடிக்க மட்டும்தான். புழக்கடை வந்தது. ஈரக் கை வந்தது. "எனக்குப் பணம் எதுக்குண்ணே, நீ போதும்" வந்தது, அவள் ஒருநாளும் சொல்லாதது. நாதஸ்வரக்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான். பொங்கல் சீரைத் தாண்டிவிடலாம், அதை மட்டும் விட்டுவிடலாம் என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கரும்புக்கட்டு தோளில் ஏறிவிட்டது. மழை பெய்தது. பஸ் நின்றது. அண்ணன் நடந்தான். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. "இன்றைக்கு வரைக்கும், நடுவர் அவர்களே, ஒரு பொங்கல் தவறியதில்லை!" பந்தலே அதிர்ந்தது. அந்தக் கைதட்டலில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், கரும்பைத் தூக்கி நடந்தது தானேதான் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கம்பத்துப் பக்கம் பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது.

போய்விட்டாள் என்று நினைத்தார். போகட்டும், அழுதுகொண்டே போயிருந்தால் நல்லது, வீட்டில் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஓட, முடிவுரையைத் தேடினார். அதற்குள் மேடைப் படியில் செயலாளர் இன்னொரு மைக்கோடு ஏறி வந்தார். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. பேச்சு பிடித்துவிட்டால் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள், பாதியில் மேடையேறி, பேசுகிறவர் கையில் ரூபாயை வைத்துவிட்டுப் போவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சட்டையில் குத்துவார்கள், பேசுகிறவர்களுக்குக் கையில். செயலாளருக்குப் பின்னால் வந்தது பச்சைச் சேலை. சுந்தரமகாலிங்கம் தன் மைக்கை ஒரு கையால் மூடிக்கொண்டார், அந்தச் சுதாரிப்பு இன்னும் பாக்கி இருந்தது. கிட்டத்தில் அவள் முகம் அப்பா முகமாக இருந்தது. அழுத சுவடே இல்லை. மூச்சில் நிலக்கடலை வாடை அடித்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நல்லாப் பேசுதீங்கண்ணே. எனக்கே அழுகை வந்துட்டு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "தவறாமச் சீர் கொண்டுபோறீங்களே ஒரு தங்கச்சிக்கு, அவளுக்கு இதையும் சேத்துக் குடுத்துருங்க. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"தாயி, அது வந்து, மேடைக்காக..."

"நல்லவளாத்தான் தெரியுது. வீட்டுக் கையெழுத்தையும் அவகிட்டயே வாங்கிக்கிடுங்க."

குத்திக்காட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. கடையில் கேட்ட சாமான் இல்லை, அடுத்த கடையில் பாருங்கள் என்று வழி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். இவள் என்னவோ சொல்ல, அவள் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு மேடையைப் பார்த்தாள். யாரோ ஒரு பேச்சாளரைப் பார்க்கிற பார்வை அது. சண்முகத்தாய் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும், அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான் என்றே சொல்லவில்லை. செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முழங்கினார். "பேராசிரியர் அவர்களின் பேச்சைப் பாராட்டி, நமது ஊர் மாவு மில் உரிமையாளர் பொன்னுச்சாமி அவர்களின் துணைவியார் சண்முகத்தாய் அம்மாள் வழங்கும் அன்பளிப்பு ரூபாய் நூறு!" கூட்டம் கைதட்டியது. எந்த ஊரிலும் எந்த மேடையிலும் செய்கிற மாதிரி, நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பச்சைச் சேலையின் பக்கமாக இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றார் சுந்தரமகாலிங்கம்.